முளை எங்கே அடிப்பது?





இன்றைய பேச்சு ஒரு கணக்கைப் பற்றியது. பள்ளிக்கூடத்தில் அந்தக் கணக்குக்கு ‘இருபடிச் சமன்பாடு’ என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். கூட்டத் தெரிய வேண்டும். பெருக்கத் தெரிய வேண்டும். அது போதும். துணியை வெட்டி ஒட்டுப்போடத் தெரிந்தால் இன்னும் நல்லது. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

கணக்கு என்றால் வெறும் எண்கள் அல்ல. அதற்குப் பின்னால் காசு இருக்கிறது. நிலம் இருக்கிறது. உழைப்பு இருக்கிறது. அதனால் ஒரு கதையில் தொடங்கலாம்.

பன்னிரண்டு பெண்கள்

ஓர் ஊரை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் 12 பெண்கள் சேர்ந்து ஒரு சுய உதவிக் குழு நடத்துகிறார்கள். அப்பளம் இடுவது அவர்களுடைய தொழில். அப்பளத்தைக் காயப்போட இடம் வேண்டும். இதுவரை ஆளுக்கு ஒரு வீட்டு மாடியில் காயப்போட்டார்கள். காற்று அடித்தால் ஓட வேண்டும். தூறல் விழுந்தால் ஓட வேண்டும். ஒரே இடமாக இருந்தால் நல்லது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஊர் ஓரத்தில் ஒருவருக்குக் காலி இடம் இருந்தது. ஒரு சதுர அடிக்கு மாதம் 2 ரூபாய் வாடகை என்றார். ஒரு சதுர அடி என்றால் ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம் உள்ள ஒரு கட்டம்.

குழுவில் ஒவ்வொருவரும் மாதம் 64 ரூபாய் போட ஒப்புக்கொண்டார்கள். 12 பேருக்கு 768 ரூபாய். அதை 2ஆல் வகுத்தால் 384. ஆகவே 384 சதுர அடி இடம் வாடகைக்கு எடுப்பது என்று முடிவானது.

இடம் எப்படி இருக்க வேண்டும் என்றும் பேசினார்கள். அப்பளம் காயப்போட ஒரு சதுரமான களம். அந்தக் களத்தின் ஒரு பக்கத்தை ஒட்டி, அந்தப் பக்கத்தின் நீளம் முழுவதும், 8 அடி அகலத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை. மழை வந்தால் அப்பளத்தை எடுத்து உள்ளே வைக்கலாம். களமும் கொட்டகையும் சேர்ந்து 384 சதுர அடி.

ஒப்பந்தத் தாளில் ‘384 சதுர அடி’ என்று மட்டும் எழுதினார்கள். கையெழுத்துப் போட்டார்கள்.

இடத்தில் இருந்த முளை

மறுநாள் பெண்கள் போனபோது இடத்துக்காரர் முளை அடித்துக் கயிறு கட்டி வைத்திருந்தார்.

“பாருங்கம்மா. நீங்க கேட்ட மாதிரியே சதுரக் களம். பக்கத்துல 8 அடிக்குக் கொட்டகை. எல்லாம் சரியா இருக்கு” என்றார்.

பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. களம் சதுரமாக இருந்தது. கொட்டகைக்கு விட்ட இடமும் 8 அடி இருந்தது.

குழுவில் வயதில் இளையவர் ஒருவர். எழுத்தறிவு மையத்தில் படித்தவர். அவர் டேப்பைப் பிடித்து அளந்தார். களத்தின் ஒரு பக்கம் 14 அடி. கொட்டகையையும் சேர்த்தால் நீளம் 14 + 8 = 22 அடி. அகலம் 14 அடி. அவர் தாளில் பெருக்கினார்.

14 × 22 = 308.

“அக்கா, 384 வரணும். 308தான் வருது” என்றார்.

76 சதுர அடி குறைந்தது. மாதத்துக்கு 152 ரூபாய். ஆண்டுக்கு 1,824 ரூபாய். இல்லாத இடத்துக்கு அவ்வளவு வாடகை.

கணக்குத் தெரியாமல் அளவு குறைவதும் உண்டு. தெரிந்தே குறைப்பதும் உண்டு. காசு கொடுப்பவருக்கு இரண்டும் ஒரே நட்டம்தான்.

இடத்துக்காரர் முகம் மாறவில்லை. “அப்படியாம்மா? கண் திட்டத்துல அடிச்சேன். சரி, நீங்களே சொல்லுங்க. எத்தனை அடியில முளை அடிக்கணும்?” என்று கேட்டார்.

இப்போது பெண்கள் திகைத்தார்கள். தவறு என்று சொல்லப் பெருக்கல் போதும். சரியான அளவு எது என்று சொல்ல வேறு ஒரு கணக்கு வேண்டும்.

“15 அடி வைங்க” என்றார் ஒருவர். 15 × 23 = 345. போதவில்லை.

“அப்ப 20 வைங்க” என்றார் இன்னொருவர். 20 × 28 = 560. மிகவும் கூடிவிட்டது.

இப்படி ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்த்தால் எப்போதாவது விடை கிடைக்கும். ஆனால் விடை முழு எண்ணாக இல்லாவிட்டால் நாள் முழுதும் பெருக்க வேண்டியதுதான். நேர் வழி ஒன்று இருக்கிறது.

காகிதமும் கத்தரிக்கோலும்

குழுவில் மூத்த அம்மா ஒருவர் இருந்தார். தையல் வேலை தெரிந்தவர். துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைப்பார். அவர் ஒரு பழைய செய்தித்தாளை எடுத்தார். அதில் ஒரு சதுரம் வெட்டினார்.

“இது களம். இதோட பக்கம் எத்தனை அடின்னு தெரியாது. தெரியலைன்னா போகுது” என்றார்.

பிறகு அந்தச் சதுரத்தின் பக்கத்துக்குச் சமமான நீளத்தில் ஒரு பட்டை வெட்டினார்.

“இது கொட்டகை. அகலம் 8 அடி.”

சதுரத்தை ஒட்டிப் பட்டையை வைத்தார். இரண்டும் சேர்ந்து 384 சதுர அடி. ஆனால் அது நீண்டு கிடந்தது. சதுரமாக இல்லை.

“முழுசும் ஒரே சதுரமா இருந்தா பக்கம் கண்டுபிடிக்கிறது சுலபம்” என்றார் இளையவர்.

மூத்த அம்மா சிரித்தார். பட்டையை நீளவாக்கில் இரண்டாக வெட்டினார். இப்போது இரண்டு பட்டைகள். ஒவ்வொன்றும் 4 அடி அகலம். ஒன்றைச் சதுரத்தின் வலப் பக்கத்திலேயே விட்டார். மற்றொன்றை எடுத்துச் சதுரத்தின் கீழ்ப் பக்கத்தில் வைத்தார்.

எதையும் கூட்டவில்லை. எதையும் குறைக்கவில்லை. இடம் மாற்றினார். அவ்வளவுதான். ஆகவே பரப்பு இப்போதும் 384 சதுர அடிதான்.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஏறக்குறைய ஒரு பெரிய சதுரம் வந்துவிட்டது. கீழே வலது மூலையில் மட்டும் ஒரு சிறு துண்டு குறைந்தது.

“அந்த ஓட்டைக்கு எவ்வளவு துணி வேணும்?” என்று கேட்டார் மூத்த அம்மா.

வலப் பட்டையின் அகலம் 4 அடி. கீழ்ப் பட்டையின் அகலம் 4 அடி. ஆகவே மூலைத் துண்டு 4 × 4 = 16 சதுர அடி.

அந்தத் துண்டையும் ஒட்டினால் பெரிய சதுரம் முழுமையாகும். அதன் பரப்பு 384 + 16 = 400 சதுர அடி.

எந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் 400 வரும்? 20 × 20 = 400. ஆகவே பெரிய சதுரத்தின் பக்கம் 20 அடி.

அந்த 20 அடியில் 4 அடி பட்டையின் அகலம். அதைக் கழித்தால் 16. களத்தின் பக்கம் 16 அடி!

சரிதானா? சோதித்துப் பார்க்க வேண்டும். களம் 16 அடி. கொட்டகையைச் சேர்த்தால் 16 + 8 = 24 அடி. 16 × 24 = 384. சரியாக வந்துவிட்டது.

இளையவர் நிமிர்ந்து சொன்னார்: “ஐயா, 16 அடியில ஒரு முளை. 24 அடியில ஒரு முளை.”

இடத்துக்காரர் டேப்பைக் கையில் வாங்கினார். முளைகளைப் பிடுங்கி மாற்றி அடித்தார். ஒப்பந்தத் தாளையும் திருத்தினார்கள். ‘அகலம் 16 அடி, நீளம் 24 அடி, பரப்பு 384 சதுர அடி’ என்று மூன்றையும் எழுதினார்கள்.

இது முக்கியம். பரப்பை மட்டும் எழுதினால் முளை நகரும். நீளம், அகலம், பரப்பு மூன்றையும் எழுதினால் முளை நகர முடியாது.

எழுத்தில் எழுதினால்

பெண்கள் காகிதத்தில் செய்ததை எழுத்திலும் எழுதலாம். தெரியாத எண்ணுக்கு ஒரு பெயர் வேண்டும். ‘அ’ என்று வைத்துக்கொள்ளுங்கள். களத்தின் பக்கம் ‘அ’ அடி.

சதுரக் களத்தின் பரப்பு: அ × அ
கொட்டகையின் பரப்பு: 8 × அ
இரண்டும் சேர்ந்தால்: அ × அ + 8 × அ = 384

இதுதான் இருபடிச் சமன்பாடு. தெரியாத எண் தன்னாலேயே பெருக்கப்பட்டு இரண்டு முறை வருகிறது. அதனால் ‘இருபடி’. இரண்டு பக்கமும் தராசுத் தட்டு போலச் சமமாக இருக்கிறது. அதனால் ‘சமன்பாடு’.

தீர்க்கும் வழி ஐந்தே படிகள்:

1. பட்டையின் அகலத்தைப் பாதியாக்கு. 8இல் பாதி 4.
2. பாதியை அதனாலேயே பெருக்கு. 4 × 4 = 16.
3. அதைப் பரப்போடு கூட்டு. 384 + 16 = 400.
4. எந்த எண்ணை அதனாலேயே பெருக்கினால் அது வரும் என்று பார். 20. இதற்கு வர்க்கமூலம் என்று பெயர்.
5. அதிலிருந்து பாதியைக் கழி. 20 – 4 = 16.

கடைசியில் சோதனை. அதை மறக்கக் கூடாது.

விடை எப்போதும் முழு எண்ணாக வராது. வாடகை கட்டுப்படியாகாமல் 300 சதுர அடி போதும் என்று அந்தப் பெண்கள் முடிவு செய்திருந்தால்? 300 + 16 = 316. 17 × 17 = 289. 18 × 18 = 324. ஆகவே வர்க்கமூலம் 17க்கும் 18க்கும் நடுவில் இருக்கிறது. 17 அடி 9 அங்குலம் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறையச் சரி. அதில் 4 அடி போனால் 13 அடி 9 அங்குலம். களம் 13 அடி 9 அங்குலம், மொத்த நீளம் 21 அடி 9 அங்குலம். பெருக்கினால் 299 சதுர அடிக்குச் சற்றுக் கூடுதலாக வரும். கயிறு கட்டும் வேலைக்கு இது போதும்.

இன்று கைப்பேசியிலேயே கணக்குப் போடலாம். 316இன் வர்க்கமூலத்தை அது நொடியில் சொல்லும். ஆனால் 300ஓடு 16ஐக் கூட்ட வேண்டும் என்று அது தானாகச் சொல்லாது. அதை அறிந்திருக்க வேண்டியவர் கைப்பேசியை வைத்திருப்பவர்தான்.

பழைய வழி

மூத்த அம்மா செய்த வேலை புதியதல்ல. இன்றைய ஈராக் நாட்டுப் பகுதியில் அந்தக் காலத்தில் பாபிலோனியர் வாழ்ந்தார்கள். ஏறக்குறைய 3,800 ஆண்டுகளுக்கு முன் அவர்கள் களிமண் பலகைகளில் இத்தகைய கணக்குகளை எழுதிவைத்தார்கள். பாதியாக்கு, பெருக்கு, கூட்டு என்று படிப்படியாக வழியும் எழுதினார்கள்.

நம் நாட்டிலும் இந்தக் கணக்கு நன்றாக வளர்ந்தது. பிரம்மகுப்தர் என்ற கணித மேதை கி.பி. 628ஆம் ஆண்டில் ஒரு பெரிய நூலை எழுதினார். இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கும் விதி அதில் இருக்கிறது. கழித்தல் எண்களுக்கும் அவர் விதி சொன்னார். கூட்டல் எண்ணைச் செல்வம் என்றார். கழித்தல் எண்ணைக் கடன் என்றார். கையில் 20 ரூபாய் இருந்தால் அது செல்வம். 20 ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தால் அது கடன். எளிய மக்களுக்கும் புரியும் பேச்சு அது.

அவருக்குப் பின் ஸ்ரீதரர் என்பவர் வந்தார். சதுரத்தை முழுமையாக்கும் விதியைப் பின்னம் வராதபடி அழகாக அமைத்தார். அந்த விதி இருந்த அவருடைய நூல் இன்று கிடைக்கவில்லை. ஆனால் விதி பிழைத்துக்கொண்டது. எப்படி? 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பாஸ்கரர் அதைத் தம்முடைய ‘பீஜகணிதம்’ என்ற நூலில் ஸ்ரீதரரின் பெயரோடு எடுத்து எழுதினார். ஒருவர் எழுதிவைத்ததால் இன்னொருவரின் அறிவு அழியாமல் நின்றது.

குரங்குக் கணக்கு

பாஸ்கரரின் நூலில் குரங்குகளைப் பற்றி ஒரு கணக்கு வருகிறது. அதன் சாரம் இதுதான்.

ஒரு குரங்குக் கூட்டம். அதை எட்டுப் பங்காக்க வேண்டும். ஒரு பங்கை அதே எண்ணால் பெருக்க வேண்டும். அத்தனை குரங்குகள் காட்டில் விளையாடுகின்றன. மீதி 12 குரங்குகள் மலையில் இருக்கின்றன. மொத்தம் எத்தனை?

48 என்று சொன்னால் சரியா? எட்டில் ஒரு பங்கு 6. 6 × 6 = 36. 36 + 12 = 48. சரி.

16 என்று சொன்னால்? எட்டில் ஒரு பங்கு 2. 2 × 2 = 4. 4 + 12 = 16. அதுவும் சரி!

ஒரு கேள்விக்கு இரண்டு விடை. இரண்டும் சரி. இருபடிச் சமன்பாட்டுக்கு இப்படி இரண்டு விடை வரலாம்.

அப்படியானால் பெண்களின் களத்துக்கும் இரண்டாவது விடை உண்டா? உண்டு. கடனைக் கடனால் பெருக்கினால் செல்வம் என்பது பிரம்மகுப்தரின் விதி. ஆகவே கழித்தல் 20ஐக் கழித்தல் 20ஆல் பெருக்கினாலும் 400 வரும். அந்த வழியில் போனால் களத்தின் பக்கம் ‘கழித்தல் 24 அடி’ என்று வரும். கணக்கு ஒத்துக்கொள்ளும். மண் ஒத்துக்கொள்ளாது. கழித்தல் 24 அடியில் யாரும் முளை அடிக்க முடியாது.

பாஸ்கரரும் இதைக் கவனித்தார். இன்னொரு குரங்குக் கணக்கில் அவருக்கு 50 என்றும் 5 என்றும் இரண்டு விடைகள் வந்தன. அந்தக் கணக்கில் கூட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து 3 குரங்குகளைக் கழிக்க வேண்டும். மொத்தம் 50 என்றால் ஒரு பங்கு 10. அதில் 3 போனால் 7. மொத்தம் 5 என்றால் ஒரு பங்கு 1. ஒரே ஒரு குரங்கில் மூன்றைக் கழிப்பது எப்படி? அதனால் பாஸ்கரர் 5 என்ற விடையைத் தள்ளிவிட்டு 50ஐ எடுத்துக்கொண்டார்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. கணக்கு விடைகளைத் தரும். எந்த விடை வாழ்க்கைக்குப் பொருந்தும் என்று பார்ப்பது மனிதரின் வேலை.

முடிவாக

தாய்மார்களே! பெரியோர்களே!

அந்த 12 பெண்களின் கதையில் யாரும் சண்டை போடவில்லை. யாரும் சத்தம் போடவில்லை. ஒருவர் அளந்தார். ஒருவர் காகிதம் வெட்டினார். அளக்கத் தெரிந்தவரும் வெட்டத் தெரிந்தவரும் ஒன்றாக உட்கார்ந்ததால் விடை வந்தது. 76 சதுர அடி திரும்பக் கிடைத்தது. படிக்காத மூத்த அம்மாவின் கையில் இருந்த அறிவும், படித்த இளையவரின் தாளில் இருந்த எண்ணும் சேர்ந்துதான் கணக்கு முடிந்தது.

வாடகை இடமோ, குத்தகை நிலமோ, வீட்டு மனையோ எதுவானாலும் முளை அடிக்கும்போது டேப்போடு போங்கள். அளந்து பெருக்கிப் பாருங்கள். அளவு தெரியாவிட்டால் ஒரு பழைய செய்தித்தாளை எடுத்து வெட்டிப் பாருங்கள்.

வீட்டுக்குப் போய்ச் செய்து பார்க்க இரண்டு கணக்குகள்:

1. ஒரு சதுரமான காய்கறித் தோட்டம். அதன் ஒரு பக்கத்தை ஒட்டி, பக்கத்தின் நீளம் முழுவதும், 6 அடி அகலத்தில் கீரைப் பாத்தி. இரண்டும் சேர்ந்து 280 சதுர அடி. தோட்டத்தின் பக்கம் எத்தனை அடி?

2. ஒரு கூடத்தின் நீளம் அகலத்தைவிட 2 அடி கூடுதல். பரப்பு 120 சதுர அடி. அகலம் எத்தனை? நீளம் எத்தனை?

விடைகள்: முதல் கணக்குக்கு 14 அடி. இரண்டாவது கணக்குக்கு அகலம் 10 அடி, நீளம் 12 அடி.

இந்த விடைகளையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். பெருக்கிச் சோதித்துப் பாருங்கள்.